கைக்குட்டை போட்ட இடம்

கத்தரிக்குப் பொய் சொல்ல வராது என்று சினிமாக்காரர்கள் எல்லோரும் சத்தியம் பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். மனிதர் வாழ்நாளில் சொன்ன உருப்படியான பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஊரில் யாரும் கிடைக்காமல் கட்டிய மனைவியிடம் போய்ச் சொன்னார். இந்தக் கதை அதைப் பற்றியது.

கத்தரி என்பது அவர் பெயர் இல்லை. அவர் படத்தொகுப்பாளர். ஃபிலிம் சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். கத்தரியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தயாரிப்பாளரின் மச்சான் ஆசை ஆசையாக நடித்த சண்டைக் காட்சியை, மச்சான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிக் கடாசியவர் அவர். "கதைக்கு வேண்டாம்" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் நயமாகப் பேசவும் தெரியாது, அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டாலும் ஆகாது.

அவர் மனைவி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சினிமாவில் சில்லறை வேடங்கள். கதாநாயகனுக்கு அம்மா, கதாநாயகிக்கு அத்தை, ஆஸ்பத்திரி வாசலில் அழுகிற சொந்தக்காரி. கேமரா அவள் தோளைத் தாண்டிப் போய் வேறு யாரையாவது பார்க்கும். தலை நரைக்கும்வரை நடித்தும் திரை முழுக்க அவள் முகம் ஒருமுறைகூட வந்ததில்லை. அதைச் சொல்லிப் புலம்புகிற பெண்ணும் இல்லை அவள். ஆனால் டிவியில் ஏதாவது படம் ஓடும்போது யாருக்காவது குளோசப் வந்தால், மடித்துக்கொண்டிருக்கிற துணியை அப்படியே மடியில் போட்டுவிட்டுப் பார்ப்பாள். அந்த ஷாட் முடிந்ததும் மறுபடி மடிப்பாள். கத்தரி இதைப் பல தடவை கவனித்திருக்கிறார்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நாக்கு கொஞ்சம் நீளம். "ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் ஒட்டத் தெரியுது, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு குளோசப் வாங்கித் தர வக்கில்ல" என்று கத்தரியின் காதுபடவே சொல்லுவாள். தங்கை சிரித்து மழுப்பிவிடுவாள். கத்தரி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு புது டைரக்டர் வந்தார். அப்போது அவர் கையில் காசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு கதை மட்டும் இருந்தது. வெளியே காற்று கெட்டுப்போய், ஜனங்கள் பூமிக்கு அடியில் ஒரு நகரம் கட்டி வாழ்கிறார்கள். மேலே போக ஒரே ஒரு லிஃப்ட், அதற்கு ஒரு கதவு. அந்தக் கதவுக்கு ஒரு காவல்காரி. காலியாகக் கிடந்த ஒரு கிடங்கில் படத்தை எடுத்தார்கள். பழைய சலவை இயந்திரங்களின் வட்டக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் பதித்து ஜன்னல் என்றார்கள். பார்த்தவர்கள் நம்பவும் செய்தார்கள்.

காவல்காரி வேடத்துக்கு வருவதாக இருந்த நடிகை கடைசி நேரத்தில் வரவில்லை. வேடம் முழுக்கச் சுவாச முகமூடி. மூஞ்சி தெரியாத வேடம் யாருக்கு வேண்டும்? டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்புறம், "அண்ணே, நம்ம அண்ணி பண்ணுவாங்களா?" என்று கேட்டார். அண்ணி பண்ணினாள். முகமூடிக்குள் இருந்து அந்தக் குரல் வந்தது: "போறவங்க போகலாம். கதவு ஒரு தடவதான் திறக்கும்." இவ்வளவுதான் வசனம். படம் ஓடு ஓடு என்று ஓடியது.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தெருவில் அவள் பாட்டுக்கு நடந்து போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கடையில் போய், "துணி சோப்பு ஒண்ணு கொடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க கதவம்மாதானே?" என்பார். சுற்றி நிற்பவர்கள் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து, "குரலுக்கு மட்டும் மரியாதை" என்று சிரிப்பாள். சிரிப்புதான், ஆனாலும் கத்தரிக்கு அது சுருக்கென்று தைக்கும்.

இரண்டாம் பாகம் என்று முடிவானதும் டைரக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். "அண்ணி, இந்தத் தடவ முகமூடியக் கழட்டுறோம். கதையில உங்க பையன் மேல போறான். லிஃப்ட் கிளம்புறதுக்குள்ள அவன் உங்க முகத்த ஒரு தடவ பாக்கணும். ஸ்க்ரீன் ஃபுல்லா நீங்கதான்." அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டைரக்டர் போனதும் முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டாள்.

முதல் பாகம் ஓடியதில் டைரக்டருக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. பழைய படங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துக் காவியங்களாகத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தார். ஆபீஸ் சுவர் முழுக்க அந்தப் படங்களின் ஸ்டில்கள். எதிர்காலத்தைப் பற்றிப் படம் எடுக்கிற மனிதர் இப்படித் தாத்தா காலத்தில் போய்க் குடியேறிவிட்டார். இரண்டாம் பாகத்தில் காவல் இயந்திரம் நடக்கிற நடை, ஏதோ ஒரு ஊமைப்படக் கோமாளியின் நடை. அதிகாரியின் நிழல் படிக்கட்டில் ஏறுவது ஒரு பழைய கொலைப் படத்தின் நிழல். அறுவை சிகிச்சை அறையின் வெளிச்சத்துக்கு ஒரு பழைய தேவாலயக் காட்சி. கலை இயக்குநர் சொந்தமாக ஏதாவது வரைந்துகொண்டு வந்தால், "நல்லாருக்கு. இதுக்கு ரெஃபரன்ஸ் என்ன?" என்று கேட்பார். ரெஃபரன்ஸ் இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். காசில்லாத காலத்தில் சலவை இயந்திரத்தைக் கழற்றி ஜன்னல் செய்த அதே மனிதர்தான்!

கத்தரிக்கு இதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் பழைய படங்கள் விஷயத்தில் டைரக்டருக்குக் குருவே அவர்தான். கையால் ஒட்டிய காலத்து ஆள் இல்லையா, ஒவ்வொரு வெட்டும் அவருக்கு மனப்பாடம்.

இந்த மாதிரிப் படங்களில் ஒரு சங்கடம் உண்டு. லிஃப்ட், நகரம், கெட்டுப்போன வானம் எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காட்சி எப்படி ஓடுகிறது என்று பார்க்க, காலியான இடத்தில் வேறு எந்தப் படத்திலிருந்தாவது ஒரு ஷாட்டை வைத்துப் பார்ப்பார்கள். கத்தரியின் அறையில் அதற்குக் கைக்குட்டை என்று பெயர். பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே காரியம். ஆள் வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட வேண்டும். தொழிலில் ஊறியவர்கள் கைக்குட்டைக்கு வேண்டுமென்றே மட்டமான சரக்காகப் பார்த்துத்தான் போடுவார்கள். நல்லதைப் போட்டால் கண் அதற்குப் பழகிவிடும், அப்புறம் எடுக்க மனசு வராது. புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் கத்தரியே இதைத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆள், மனைவியின் காட்சி வந்தபோது புத்தியை எங்கேயோ அடகு வைத்துவிட்டார். அவளுடைய காட்சியாயிற்றே, அவளுடைய இடத்தில் கண்டதையும் போடுவதா என்று தோன்றிவிட்டது. பாசம்தான், வேறென்ன. ஒரு நாள் முழுக்கத் தேடி, தனக்குத் தெரிந்ததிலேயே உசத்தியான ஷாட்டை எடுத்துப் போட்டார்.

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். ரயில் நிலையம். மகனை வழியனுப்ப வந்த அம்மா நடைமேடையில் நிற்கிறாள். ரயில் கிளம்பிப் போகிறது. அவள் அழவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை. ரயில் போய் முடிந்த பிறகுதான், மகன் மறந்துவிட்டுப் போன குடை தன் கையில் இருப்பதைப் பார்க்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் ஷாட். அந்த நடிகை காலமாகிப் பல காலம் ஆகிவிட்டது.

டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். மறுபடி போடச் சொன்னார். அன்றைக்கே கதையில் ஒரு கையுறை முளைத்தது. மகனின் கையுறை அம்மாவின் கையில் தங்கிவிடுகிறதாம். இசையமைப்பாளர் அந்த ஷாட்டின் நீளத்துக்கு இசை போட்டார். ஒலி வடிவமைப்பாளர் அந்த அம்மாவின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி சத்தம் சேர்த்தார். யார் அறைக்கு வந்தாலும் டைரக்டர் அந்த இடத்தை ஓட்டிக் காட்டுவார். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். மாதங்கள் ஓடின. கைக்குட்டை சீட்டில் சொகுசாக உட்கார்ந்துவிட்டது.

அவள் காட்சியை எடுக்கிற நாளும் வந்தது. படப்பிடிப்புப் பக்கமே தலை வைக்காத கத்தரி அன்றைக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் ஓர் ஓரமாக நின்றார். முதல் டேக். அவள் முகமூடியைக் கழற்றினாள். லிஃப்ட் கிளம்புகிற சத்தம் கேட்டது. கையில் இருந்த கையுறையைக் குனிந்தும் பார்க்கவில்லை. சட்டென்று சட்டைப் பைக்குள் செருகினாள். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. திரும்பிப் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அவள் காவல்காரி, கதவைச் சாத்துவது அவள் வேலை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

டைரக்டர் தாடையைத் தடவினார். "அண்ணி, சூப்பர். ஆனா அதோட ஃபீல் வரல" என்றார். போனை எடுத்து அந்த ரயில் நிலைய அம்மாவைக் காட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இவங்க குடையப் பாக்கறாங்க. நான் அப்படியே பாக்கணுமா?" என்று கேட்டாள். அப்படியே வேண்டாம், ஆனால் அதே மாதிரி வேண்டும் என்றார் டைரக்டர். ஒன் மோர். இன்னும் கொஞ்சம் மெதுவாக. ஒன் மோர். கண்ணை இன்னும் லேட்டாகத் தாழ்த்தணும். ஒன் மோர். சாயங்காலம் வரைக்கும் இதே பாட்டு. ஒவ்வொரு டேக் முடிந்ததும் அவள் டைரக்டரைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நின்ற கத்தரியைத்தான் பார்த்தாள். கத்தரியோ மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் நடை, கண், கழுத்துத் திருப்பல் எல்லாம் அந்த அம்மாவாகவே ஆகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு பகலில், எடிட்டிங் அறையில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். டைரக்டர் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தார். கத்தரி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினார். பழைய அம்மா. மனைவி. பழைய அம்மா. மனைவி. முதல் டேக்கை அவர் போட்டே காட்டவில்லை. இசையின் நீளத்துக்கு அது பற்றவில்லை என்று ஆரம்பத்திலேயே ஒதுக்கியிருந்தார். ஓட்டியதெல்லாம் சாயங்கால டேக்குகளை.

டைரக்டருக்கு அன்றைக்கு ஏனோ மனசு இளகியிருந்தது. "அண்ணே, பழைய ஷாட்டையே அந்தப் பையனோட நினைவு மாதிரி லிஃப்ட் கண்ணாடியில ஓட விடலாம்னு ஒரு ஐடியா இருக்கு. முறைப்படி அனுமதி வாங்கிடலாம். முகம் அவங்க, குரல் அண்ணி. ஆனா எனக்கு அண்ணி ஷாட்டே போதும்னும் தோணுது. அவங்களும் பாவம், எவ்வளவு ஆசையா இருக்காங்க. நீங்க சொல்றதுதான் ஃபைனல். எது?"

சொல்லித் தொலைத்திருக்கலாம். "அவளோடது" என்று ஒரு வார்த்தை. யார் குடியும் முழுகியிருக்காது. ஆனால் கத்தரிக்கு உள்ளே என்னென்னவோ ஓடியது. பொண்டாட்டி என்பதற்காக வைத்துக்கொண்டான் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிட்டால்? மச்சானையே வெட்டின கை இல்லையா இது? அது போகட்டும், உண்மையிலேயே அவர் கண்ணுக்குப் பழசுதான் உசத்தியாகத் தெரிந்தது. தெரியாதா பின்னே? நடித்ததே அதைப் பார்த்துத்தான். அசலுக்கும் நகலுக்கும் போட்டி வைத்தால் நகல் ஜெயிக்குமா? கைக்குட்டையை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தன் கண் கெட்டுப்போயிருக்கிறது என்பது அந்த நேரத்தில் அந்தத் தொழில்காரருக்கு உறைக்கவே இல்லை.

"பழசு" என்றார்.

"அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க."

"கதைக்கு அதுதான். இவளோடது வேண்டாம்."

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பொய்யைச் சொல்லிவிட்டார். டைரக்டர் பிடிவாதமாக இருக்கிறான், பழைய ஷாட்தான் வேண்டுமாம், தான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்ததாகவும், படத்தை விட்டே விலகுகிறேன் என்று மிரட்டியும் அவன் மசியவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது குரல் நடுங்கியது. அதைத் தனக்காகப் பட்ட கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து வந்து அவர் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். "விடுங்க. எனக்காகச் சண்டை போட்டீங்களே, அது போதும். உங்களுக்குச் சண்டையே போடத் தெரியாது" என்றாள்.

அதன் பிறகு அவர் வீட்டில் ராஜாவாக இருந்தார். கேட்காமலே காப்பி வரும். மாத்திரை நேரத்துக்கு வரும். அவள் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொன்னாள். முக்கியமாக அக்காவிடம் நாலைந்து தடவையாவது சொன்னாள். அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஆரம்பித்தாள். ஒருநாள், "பரவால்ல, ரோஷம் இருக்கு" என்று நேரிலேயே சொன்னாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கத்தரி பல தடவை வாயைத் திறந்தார். காப்பியைக் குடித்துவிட்டு மூடிக்கொண்டார்.

குரல் கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் நின்று, அந்த ரயில் நிலைய அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். முகமூடி கழற்றுகிற கைகள் அவளுடையவை, அதற்கு மேல் அவளில்லை. ஒரே டேக்கில் முடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படம் வந்தது, ஓடியது. ஒரு பகல் நேரத்தில் பாராட்டு விழா. டிவியில் நேரடி ஒளிபரப்பு. புருஷனும் மனைவியும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் டைரக்டரை ஒருத்தர் பேட்டி எடுத்தார்: எதிர்காலத்துப் படத்துக்குள் இத்தனை பழைய படங்கள் எப்படி வந்தன? டைரக்டர் உற்சாகமாகிவிட்டார். நிழல், நடை, தேவாலய வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ரயில் நிலைய அம்மாவிடம் வந்து நின்றார்.

"இந்த இடத்துல நான் ஒரு மனுஷனப் பத்திச் சொல்லியே ஆகணும்" என்றார். "அந்த சீன்ல எங்க அண்ணிதான் நடிச்சிருந்தாங்க. எனக்கு அதுவே போதும்னு தோணுச்சு. வச்சுக்கலாம்னுதான் நெனச்சேன். எடிட்டர் அண்ணன், அவங்க சொந்தப் புருஷன், ஒத்துக்கவே இல்ல. கதைக்குப் பழசுதான், இவளோடது வேண்டாம்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. இந்த மாதிரி நேர்மைய நான் பாத்ததே இல்ல. அண்ணே, எழுந்திரிங்க."

பாவி மனுஷன், புகழ்வதாக நினைத்துத்தான் புகழ்ந்தார். அரங்கம் முழுக்கக் கைதட்டல். கேமரா அவர்கள் வரிசைக்குத் திரும்பியது. கத்தரி பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். பக்கத்தில் அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். அவள் முகம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அவர் ஏதோ ஆரம்பித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "எங்க அக்காகிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கேனே, நீங்க சண்டை போட்டீங்கன்னு."

அப்போது போன் அடித்தது. அக்காதான். டிவி பார்க்காமல் இருப்பாளா? போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எடுத்தாள்.

"ஆமாக்கா, பாத்தியா?" என்றாள். குரலில் ஒரு பிசிறில்லை. "அட, அது மேடைக்காகச் சொன்னதுக்கா. நம்பிட்டியா? அந்த ஆளு தன் மேல பழி வரக்கூடாதுன்னு இவரு தலையில கட்டிட்டாரு. இவருக்குத்தான் எதிர்த்துப் பேசத் தெரியாதே, முழிச்சிட்டு நின்னாரு. நீ வேற, இவராவது என்னை வேண்டாம்னு சொல்றதாவது." கொஞ்சம் சிரித்தாள்கூட. அந்தப் பக்கத்தில் அக்கா சமாதானமானது அவருக்கே கேட்டது.

கத்தரி அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு சுருக்கம் அசையவில்லை. எங்கேயோ பார்த்த முகம். முதல் டேக்கில், கையுறையைப் பைக்குள் செருகிவிட்டுக் கதவைச் சாத்தப் போன முகம். நீளம் பற்றவில்லை என்று அவர் ஒதுக்கிப் போட்டது இதைத்தான். அந்த ரயில் நிலைய அம்மா இதன் பக்கத்தில்கூட வர முடியாது என்பது இப்போதுதான், படம் ஊரெல்லாம் ஓடி முடிந்த பிறகு, அந்த மகானுபாவருக்குத் தெரிந்தது. கண் கலங்கியது.

அவள் போனை வைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"இது ஓகேவா, இல்ல ஒன் மோர் போகலாமா?"